மஞ்சள் போதவில்லை

ஞானஸ்நானம் எடுத்த வருடம், கர்த்தர் ஒருவரே என்று போதகர் சொன்னதைக் கேட்டு, குலதெய்வமான சீலைக்காரியின் கல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டவளே எஸ்தர்தான். இன்று ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவள் மகளைப் பார்த்த டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கோடையில் வற்றிக் கிடந்த அந்தக் கிணற்றுக்குள் மஞ்சள் கிண்ணத்தோடு இறங்கினாள்.

மேலே நின்ற புருஷன் ஜெபமணி, "நாம கும்பிடுற கர்த்தர் போதாதா?" என்றான்.

"அவர்கிட்ட முழங்கால் தேயக் கேட்டாச்சு. வேற யாராவது இருந்தா அவங்ககிட்டயும் கேக்குறேன்."

"யாருமே இல்லன்னா?"

எஸ்தர் குனிந்து தேடினாள். கிணற்றுத் தரை முழுக்கக் கற்கள். பூசிய மஞ்சளும் குங்குமமும் கரைந்துபோனபின் சாமி எது, கல் எது என்று தெரியவில்லை. ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி மகள் பெயரைச் சொன்னாள். அடுத்ததற்கும் பூசினாள். அதற்கடுத்ததற்கும். கிண்ணத்தை வழித்து முடித்தபோது ஓர் ஓரம் மட்டுமே மஞ்சளாகியிருந்தது. பூசாமல் விட்ட கல் ஒவ்வொன்றும் கோபித்துக்கொண்டதுபோல் கிடந்தது.

மேலே ஜெபமணியின் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை.