இடக்கை முடிச்சு

பழைய மீன்வலைகளை உருக்கிக் கம்பள நூலாக்கும் ஆலையில், தகரக்கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் நைலான் குவியலின் மேல் பொட்டுப்பொட்டாக விழுகிறது. வலை பிரிக்கும் பெண்ணின் விரல்கள் ஒரு முடிச்சில் நின்றுவிடுகின்றன. இடக்கைக்காரன் போட்ட முடிச்சு. இப்படி நுனியை இருமுறை சுற்றி உள்ளே செருகுவது அவள் தம்பிதான். போன ஆண்டு படகோடும் வலையோடும் கடலில் காணாமல் போனவன்.

“என்னம்மா, அப்படியே நின்னுட்டே?” மேற்பார்வையாளர் அருகே வருகிறார். “என் தம்பி கட்டினது சார்.” அரைக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டே இருக்கிறது. அவர் குரல் தணிகிறது. “அறுத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.” அவள் முடிச்சை முகர்கிறாள். உப்புவாடை இன்னும் போகவில்லை. “வேணாம் சார். அம்மா இன்னும் அவனுக்கும் சேத்துத்தான் தட்டு வைக்கிறாங்க. இதப் பாத்தா நிறுத்திடுவாங்க.” வலையைத் தானே ஓடும் பெல்ட்டில் ஏற்றுகிறாள். இயந்திரத்தின் வாய்வரை அதன்மேல் கைவைத்தபடி கூடவே நடக்கிறாள்.