ஆளில்லாத நாற்காலிகள்

கோடை விடுமுறை. இயற்பியல் துறையின் கணினி அறைக்குள் எட்டிப் பார்த்த பதிவாளருக்குச் சுருக்கென்றது. வரிசை வரிசையாக யூனிக்ஸ் கணினிகள் இரைந்துகொண்டிருந்தன. நாற்காலிகளெல்லாம் காலி. கடைசி மூலையில் ஆய்வு மாணவி ஜெசிந்தா மட்டும் இருந்தாள்.

"ஆளே இல்லாம எதுக்கும்மா இத்தனையும் ஓடுது?" என்றபடி முதல் கணினியின் பொத்தானில் விரல் வைத்தார்.

சும்மா கிடக்கும் கணினிகளை விடுமுறையில் யாரும் இருந்த இடத்திலிருந்தே வலைவழியே பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது துறை வழக்கம். புயலின் பாதையைக் கணிக்கும் தன் பெரிய கணக்கை ஜெசிந்தா அத்தனைக்கும் பங்குபோட்டுக் கொடுத்திருந்தாள். ஒன்று அணைந்தாலும் எல்லாம் பாழ். பதறித்தான் எழுந்தாள்; ஆனால் கெஞ்சல் வரவில்லை.

"ஆள் இருக்கு சார். எல்லாத்துலயும் நான்தான் உக்காந்திருக்கேன்."

பதிவாளர் விரலை எடுத்தார். ஒரு நாற்காலியிலும் இடித்துவிடாமல், ஒருக்களித்து நடந்து வெளியே போனார்.