பருத்திக்கு அடித்த மருந்து

காலையிலிருந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தான் கணவன். மனைவி இருக்கும் மகளிர் குழுவின் பருத்திக்கு இயற்கை விவசாயச் சான்று தர வேண்டிய அதிகாரி, பரிசோதனை முடிவோடு வருகிற நாள் அது.

"ஏங்க, குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் அலையறீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு வயல்ல விஷம் இருந்தாக்கூட சான்று கிடைக்காதா?"

"கிடைக்காது. இருபது பேருக்குமே போயிடும்."

அவனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"நான்தான் கெடுத்துட்டேன். புழுவைப் பார்த்ததும் பயந்துபோய், நீ கூட்டத்துக்குப் போன நேரத்துல மருந்து வாங்கி அடிச்சிட்டேன். புழு செத்துச்சு. ஆனா..."

அவள் வாயைத் திறப்பதற்குள் ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கிக் காகிதத்தை நீட்டினார்.

"வாழ்த்துகள்மா. இருபது வயல்லயும் துளி ரசாயனம் இல்லை."

ஜீப் கிளம்பியதும் அவன் கேட்டான். "எப்படி? மூக்கைக் கட்டிக்கிட்டு மூணு டேங்க் அடிச்சேனே!"

"மருந்துக்கடைக்காரர் வீட்டம்மா எங்க குழுவுக்கு வேண்டியவங்க. நீங்க வாங்கின பாட்டில்ல லேபிள் மட்டும்தான் விஷம். உள்ளே இருந்தது நாங்க இடிச்சு ஊறவெச்ச வேப்பங்கொட்டைக் கரைசல்."

"என் ஒருத்தனுக்காகவா இவ்வளவு ஏற்பாடு?"

"ஒருத்தருக்கா? எங்க குழுவுல பத்தொன்பது பேரோட வீட்டுக்காரங்க யாருக்கும் தெரியாம வந்து வாங்கிட்டுப் போனாங்களாம்."

"மிச்சம் ஒருத்தன் யோக்கியன்தானே?"

"எங்கே? அந்த இருபதாவது பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."