அண்டாவும் படிக்கமும்

தாத்தா சாராயம் காய்ச்சிய செப்பு அண்டாவைத் துலக்கி, பேரன் தேவசகாயம் தன் ஒயின் கூடத்தில் காட்சிக்கு வைத்திருந்தான். பக்கத்தில், விருந்தாளிகள் ருசி பார்த்துத் துப்புவதற்கு ஒரு படிக்கம்.

அன்றும் வந்தவர்கள் அவன் தயாரித்த ஒயினை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார்கள், "பிரமாதம்" என்றார்கள், துப்பினார்கள். கூடவே தேவசகாயமும் துப்பினான்.

"பாராட்டெல்லாம் அவனுக்கு, எச்சில் எனக்கு. அலுத்துப்போச்சு அண்ணே," என்றது படிக்கம். "உங்க காலத்துல எப்படி?"

நாளெல்லாம் பளபளவென்று நின்று சலித்துப்போயிருந்த அண்டா மெல்லச் சொன்னது: "ஒருத்தனும் பாராட்டினதில்லப்பா. துப்பினதும் இல்ல."

கடைசி விருந்தாளியும் போனபின் தேவசகாயம் அண்டாவில் சாய்ந்து உட்கார்ந்தான். அதன் பின்னால் ஒளித்துவைத்திருந்த, தாத்தா காய்ச்சிய கடைசிப் புட்டியை எடுத்து ஒரு மடக்கு வாயில் ஊற்றினான். முகம் அஷ்டகோணலாயிற்று.

படிக்கம் பழக்கப்படி காத்திருந்தது.

அவன் விழுங்கிவிட்டான்.