படம் இல்லாத சுவர்

அவள் வீடியோவை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள்.

பஸ் நிறுத்தம். அடிபம்பு. ஒரு பெட்டிக்கடை. சின்னச் சின்னக் கட்டங்களால் வரைந்த ஊர். நீலச் சட்டைக்காரன் ஒருவன் கடையைத் தாண்டி நடக்கிறான். வலப்பக்கம் திரும்பி, மாடி வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவுக்குள் நுழைகிறான்.

அவ்வளவுதான். பிழை எதுவும் தெரியவில்லை.

கேள்வி கீழே இருந்தது. என் ஆள் அந்தத் தெருவுக்குள் போய்விடுகிறான், போகக்கூடாது, எப்படித் தடுப்பது? கேட்டவன் பெயர் பூவரசன். குழுவுக்குப் புதியவன்.

சொந்தமாக வீடியோ கேம் செய்து பார்ப்பவர்களின் இணையக் குழு அது. யாருக்கும் அது பிழைப்பு இல்லை. ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஒருவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவளே வார நாட்களில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்திருப்பவள்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லோருக்கும் கேமுக்காக எழுதிய கோட், அதாவது நிரல், எங்கேயாவது உதைக்கும். உடனே அவளைக் கூப்பிடுவார்கள்.

பதில் சொல்வதில் அவளுக்கு ஒரு திமிர் உண்டு. எவ்வளவு அற்பமான கேள்விக்கும் முகம் சுளிக்க மாட்டாள். யாராவது சுளித்தால் சும்மா விடவும் மாட்டாள்.

அந்தத் தெருமுனையில் என்ன வரையப் போகிறாய், இரும்புக் கதவா, வேலியா என்று கேட்டாள்.

எதுவும் இல்லை என்றான்.

"வழி தொறந்துதான்க்கா கிடக்கும். ஆனா எங்க தெரு ஆளுங்க உள்ள போக முடியாது. விட மாட்டாங்க."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

யாரோ பேய்த் தெருவா என்று கேட்டுச் சிரிப்புப் பொம்மை போட்டார். இன்னொருவரும் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. அந்த வேகத்திலேயே எழுதினாள். தடுக்காதே. இது உன் கேம். இங்கேயாவது அவன் உள்ளே நடக்கட்டும்.

எழுதியதும் நெஞ்சு நிமிர்ந்தது. பெரிதாக எதையோ சாதித்துவிட்ட மாதிரி.

பூவரசன் மசியவில்லை. உள்ளே நடக்கவிட்டால் அது தன் ஊராக இருக்காது என்றான்.

"விளையாடுறது யாரா இருந்தாலும் அங்க ஒரு தடவை முட்டிக்கணும்க்கா. அதுக்குத்தான் இந்த கேமே."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவன் உதவி கேட்டிருக்கிறான். அவள் ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

தனஞ்செயனிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. குழுவைத் தொடங்கியவர் அவர்; அதை நிர்வகிக்கும் உரிமையை அவளுக்கும் கொடுத்திருந்தார். தங்கமான மனிதர், யாரோடும் சண்டை கிடையாது. இங்கே எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள், நமக்கு எதற்கு வம்பு, கோட் மட்டும் பேசுவோம் என்று எழுதியிருந்தார். அந்தக் கேள்வியை அவளே நீக்கிவிட்டால் நல்லது. இல்லையென்றால் பூவரசனையே நீக்க வேண்டி வரும்.

கோட் மட்டும்தானே.

எல்லோரும் பார்க்கும்படி குழுவிலேயே எழுதினாள்.

தெருமுனையில் ஒரு பெட்டி வை. தெரு எவ்வளவு அகலமோ பெட்டியும் அவ்வளவு அகலம். அதற்குப் படம் கொடுக்காதே. நிறம் கொடுக்காதே. மோதினால் சத்தம் கூட வர வேண்டாம். வந்தவன் நின்றால் போதும். ஓடி வந்தாலும் குதித்தாலும் தாண்ட முடியாதபடி உயரத்தைக் கூட்டிவிடு. வெளியிடுவதற்கு முன்னால் பத்துத் தடவை முட்டிப் பார்.

கேள்வியையும் பதிலையும் எல்லோர் கண்ணிலும் முதலில் படும்படி குழுவின் உச்சியில் பின் செய்து வைத்தாள்.

பிறகு தனஞ்செயனுக்கு எழுதினாள்.

"அவனை எடுக்கறதா இருந்தா முதல்ல என்னை எடுங்க சார்."

அவர் படித்துவிட்டதாகத் திரை காட்டியது. அவள் எழுந்து போய்க் குழம்பை இறக்கி வைத்தாள். திரும்பி வந்தபோதும் அவளும் பூவரசனும் குழுவில்தான் இருந்தார்கள்.

தீபாவளி கழிந்து கேம் வெளிவந்தது.

தெரு கிரிக்கெட். நீலச் சட்டைக்காரன்தான் ஆடுகிறான். நன்றாக ஆட ஆட, ஒரு கட்டத்தில் அவன் ஓங்கி அடிக்கும் பந்து கடையைத் தாண்டி உருண்டு அந்தத் தெருவுக்குள் போய்விடும். எடுத்து வந்தால்தான் மேற்கொண்டு ஆட்டம். பந்து அங்கேயே, கண்ணுக்கு எதிரே கிடக்கும்.

குழுவில் கேள்விகள் வந்து கொட்டின. பின் செய்து வைத்ததைப் படிக்கிற பழக்கம் எந்தக் குழுவிலும் எவருக்கும் கிடையாது. சாவி எங்கே இருக்கிறது? வேறு சட்டை மாற்ற வேண்டுமா? இருட்டியதும் வந்தால் விடுவார்களா? ஒருவர் கேமை அழித்துவிட்டுத் திரும்பவும் ஏற்றிப் பார்த்திருந்தார். மருந்துக்கடைக்காரர் வீடியோவே எடுத்து அனுப்பினார். அதில் ஒன்றுமே இல்லாத இடத்தில் நீலச் சட்டைக்காரன் கால்களை ஆட்டியபடி நின்றுகொண்டிருந்தான்.

கடைசியாகத் தனஞ்செயன் வந்தார்.

"பெட்டி இருக்கறது எனக்குத் தெரியும். காலையிலேர்ந்து முட்டிக்கிட்டே இருக்கேன். உள்ள எப்படித்தான் போறது?"

வழக்கம்போல அவள் பெயரைப் போட்டுத்தான் கேட்டிருந்தார். அவள் பாதி பதில் எழுதிவிட்டாள். அப்போது பூவரசன் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது.

தான் எழுதியதை அழித்தாள்.

இதுவரை அவன் அங்கே கேள்வி மட்டும்தான் கேட்டிருக்கிறான். இப்போதுதான் முதல்முறையாக ஒருவருக்குப் பதில் சொல்கிறான்.

"தெரியலண்ணா. வழி கண்டுபிடிச்சீங்கன்னா எனக்கும் சொல்லுங்க."