சென்சார் கோளாறு

கொல்லிமலைச் சாலையில் சரிந்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்த பொக்லைன் திடீரென நின்றுவிட்டது. ஆபரேட்டர் முகேஷ், மெக்கானிக் பூங்குழலிக்குப் போன் போட்டான்.

“சென்சார் கோளாறுன்னு திரையில காட்டுதுங்க்கா. புதுசு வர ரெண்டு நாளாகுமாம்.”

“சென்சாருக்குப் போற ஒயர் அறுந்தாலும் அப்படித்தான் காட்டும். மொதல்ல ஒயரைப் பாரு.” அவளுக்கு மூச்சு வாங்கியது.

பார்த்தான். கல் உரசி ஒயர் அறுந்திருந்தது. சேர்த்து முறுக்கி டேப் சுற்றியதும் இன்ஜின் உறுமியது.

“ஓடுதுங்க்கா! எதுக்கும் நீங்க ஒருக்கா வந்து பாத்துருங்க.”

“எப்படி வாறது சாமி? மண்ணுக்கு இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ்ல படுத்திருக்கேன். பிரசவ வலி எடுத்துருச்சு. சீக்கிரம் அள்ளு!”

அரை மணி நேரத்தில் முகேஷ் வழி திறந்தான். மாலையில் அவள் கணவர் போன் செய்தார்.

“பொண்ணு பொறந்திருக்குதுங்க தம்பி. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க.”