டிராக்டருக்குப் போட்ட சட்டை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, டிராக்டருக்கு முதன்முதலாகச் சட்டை போட்ட கதையைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் வந்த வண்டிகளுக்கு எலும்பும் குடலும் வெளியே தெரியும். அதை அழகாக்கச் சொல்லிக் கம்பெனி ஓர் ஓவியரை அனுப்பியது. அவர் வந்து நின்றது மாடத்தியின் களத்தில்.

"ஐயா, முன்னாடி என்னத்த வேணாலும் மூடுங்க. பின்னாடி சுத்துற இந்தத் தண்ட மட்டும் மறக்காம மூடிருங்க. கதிரடிக்கையில எம் புருசன் வேட்டி இதுலதான் சிக்குச்சு. வேட்டியோட அவரும் போயிட்டாரு."

"மூடிருவோம்மா" என்றார் ஓவியர். அப்போது அவர் கண் கலங்கியதும் உண்மைதான்.

அடுத்த உழவுக்குப் புது வண்டி வந்தது. ரயில் இன்ஜின்போல வளைந்த மூக்கு, வழவழவென்று சிவப்புத் தகடு. நிற்கும்போதே ஓடுவதுபோல் இருந்தது.

"என்ன அத்தை, மூக்குத்தி குத்திருவமா?" என்று ஒருத்தி கேலி செய்தாள்.

மாடத்தி சிரிக்கவில்லை. தகட்டைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனாள். விளம்பரப் படத்தில் விழாத அந்தப் பக்கத்தில் தண்டு அப்படியே அம்மணமாக இருந்தது.

மகன் இசக்கி வண்டியில் ஏறினான்.

"எறங்குல" என்றாள். அவன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து, கால்களுக்கு நடுவே கொடுத்து, தன் கையாலேயே தார்ப்பாய்ச்சிக் கட்டினாள்.

"கூட்டத்துல என்னம்மா இது!" என்று கூசினான் அவன். அவள் இன்னும் இறுக்கினாள்.

பிறகு வண்டி கிளம்பியது.

உங்கள் வீட்டில் காலையில் உடுத்திப் போன துணியெல்லாம், உடுத்திய ஆளோடு சாயங்காலம் திரும்பி வரட்டும் கண்ணுகளா.